மொட்டை மாடிக்குக் கூலிங் டைல்ஸ்: சில்லறை அங்குலங்களின் கணக்கு

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் கூலிங் டைல்ஸ், அதாவது வெயில் சூட்டைக் கீழே இறங்க விடாத டைல்ஸ், பதித்து முடித்தாயிற்று. 1,020 டைல்ஸ் இறக்கினோம், 14 மிச்சம். பாதி வேலையில் டைல்ஸ் தீர்ந்து கடைக்கு ஓடவில்லை, நிறம் மாறின வேறு லாட் வந்து கலக்கவில்லை, கூலி கணக்குப் பார்க்கும்போதும் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. இதெல்லாம் ஒழுங்காக அமைந்ததற்கு அளவெடுத்த விதம்தான் காரணம் என்பது என் எண்ணம். அதனால் எப்படிப் பதித்தோம் என்பதைவிட எப்படி அளந்தோம் என்பதைத்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

எங்கள் தெரு யானைமலைப் பக்கம் போகப் போக லேசாக வளையும். அந்த வளைவுக்கு ஏற்றபடி மனை அமைந்ததால் வீடும் நேர்ச் சதுரமில்லை, பின்பக்கம் ஒடுங்கியும் முன்பக்கம் அகன்றும் இருக்கும். மாடியில் பின் மூலையில் படிக்கட்டு ஏறி வருகிற ஹெட்ரூம். முன்னால் சிட்-அவுட்டுக்கு மேலே தளம் அரைவட்டமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, ஒரு சரிவகம், அதில் கழிக்க ஒரு செவ்வகம், கூட்ட ஓர் அரைவட்டம். பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் பள்ளிக்கூடத்தில் பக்கங்களின் நீளத்தை அவர்களே கொடுத்துவிடுவார்கள்.

கொத்தனார் அண்ணன் முதலில் வந்து பார்த்தபோது டேப்பை முன்பக்கம் ஒருமுறை, நீளவாக்கில் ஒருமுறை ஓட்டினார். "27-க்கு 39. ஆயிரத்து ஐம்பதுன்னு வச்சுக்கங்க தம்பி. ஹெட்ரூமும் முன்னால வட்டமும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிரும்" என்றார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேராகக் கட்டின வீடுகளில் வருஷக்கணக்காக அவருக்கு ஒத்துவந்த முறை அது, வாய்க்கணக்காகவே மதிப்புச் சொல்லிவிடுவார். எங்கள் மாடியின் கோணலுக்கு அது ஒத்துவருமா என்றுதான் எனக்குச் சந்தேகம், அதனால் "அண்ணே, ரெண்டு நாள் டைம் கொடுங்க, நானும் அளந்து வைக்கிறேன்" என்று கேட்டுக்கொண்டேன்.

வைத்திருந்த கருவிகள்: 5 மீட்டர் ஸ்டீல் டேப், பக்கத்து வீட்டில் வாங்கின 30 மீட்டர் ஃபைபர் டேப், நூல்கண்டு, சாக்பீஸ், கான்கிரீட் ஆணி. ஃபைபர் டேப் இழுக்கிற இழுப்புக்கு ஏற்ப நீளும், காற்றடித்தால் நடுவில் தொய்யும். ஒரே நீளத்தை இரண்டு தரம் அளந்து முக்கால் அங்குலம் வித்தியாசம் வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, தரையில் நூல் கட்டி, நூலை ஒட்டியே ஸ்டீல் டேப்பால் 4 மீட்டருக்கு ஒரு கோடு போட்டு அளந்தேன். ஸ்டீல் டேப் நுனியில் உள்ள கொக்கி லேசாக ஆடும், அது பழுதில்லை. கொக்கியின் தடிமன் அளவுக்கு ஆடும்படிதான் செய்திருப்பார்கள். வெளியே கொளுவி இழுத்தாலும் சுவரில் முட்டக் கொடுத்தாலும் ஒரே அளவு காட்ட வேண்டும் என்பதற்காக. ஆனால் சுவர் மூலையில் டேப்பை மடக்கிப் படிக்கிறோமே, அங்கேதான் அரை அங்குலம் சுலபமாகத் தப்பும். அதற்கு மூலையிலிருந்து சரியாக 1 அடி தள்ளி ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை அளந்து 1 அடி கூட்டிக்கொண்டேன்.

கைப்பிடிச் சுவரின் பூச்சும் ஒரே சீராக இருக்காது. ஒவ்வோர் அளவையும் மூன்று இடத்தில் எடுத்ததில் கால் அங்குலம், அரை அங்குலம் முன்பின் இருந்தது. சுவரே அப்படி இருக்கும்போது மில்லிமீட்டர் வரை எழுதி வைத்துப் பயனில்லை, அருகில் உள்ள முழு அங்குலம் போதும் என்று முடிவு செய்தேன். பின் அகலம் 23 அடி 4 அங்குலம், முன் அகலம் 26 அடி 7 அங்குலம், இரண்டுக்கும் நடுவே நேர்த்தூரம் 38 அடி 5 அங்குலம். இடது பக்கம் மூலைமட்டமாகத்தான் இருக்கிறதா என்று 3-4-5 வைத்து (3 அடி, 4 அடிப் பக்கங்களுக்குக் குறுக்கே 5 அடி வந்தால் செங்கோணம்) பார்த்தோம், அப்புறம் மூலைவிட்டமும் அளந்தோம். கணக்குப்படி 46 அடி 8½ அங்குலத்துக்குச் சற்று மேலே வர வேண்டும், டேப்பிலும் அப்படியே வந்தது. வலது பக்கம் சாய்வான பக்கம், அதன் நீளம் 38 அடி 6½ அங்குலம். சாய்வு நீளத்தை நேர்த்தூரம் என்று எடுத்துக்கொண்டால் இந்த மாடியில் ஒன்றரை அங்குலம்தான் தப்பு. இதைவிடக் கோணலான இடமென்றால் அந்தத் தப்பு கூடிக்கொண்டே போகும்.

சரி, பரப்பு. இரண்டு அகலத்துக்கும் சராசரி 24.96 அடி, அதை 38.42 அடியால் பெருக்கினால் 958.8 சதுர அடி. இப்போது இதே மூன்று அளவுகளையும் வெவ்வேறு விதமாக முழுசாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றையும் மேலே ஏற்றி 24, 27, 39 என்று வைத்தால் 994½. எல்லாவற்றையும் கீழே இறக்கி 23, 26, 38 என்றால் 931. அருகில் உள்ள முழு அடி என்றால் 23, 27, 38, அதற்கு 950. ஒரே மாடிதான், ஆனால் 931-இலிருந்து 994 வரை எது வேண்டுமானாலும் சொல்லலாம். நடுவில் 63 சதுர அடி ஊசலாடுகிறது.

950 மட்டும் பரவாயில்லாமல் வந்ததே, அது தற்செயல். பின் அகலத்தில் 4 அங்குலம் விட்டோம், முன் அகலத்தில் 5 அங்குலம் சேர்த்தோம். சராசரி எடுக்கும்போது அரை அங்குலம்தான் மிச்சம், நீளத்தில் விட்ட 5 அங்குலம்தான் முழுசாக அடித்தது. வேறொரு மாடியில் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் என்ன செய்வது? 23, 27, 38 என்ற எண்களை மட்டும் ஒருவர் கையில் கொடுத்தால், உண்மைப் பரப்பு 919-க்கும் 982-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் அவரால் சொல்ல முடியும். அங்குலம் வரை எழுதிவிட்டாலோ அந்த ஊசலாட்டம் 958.8-க்கு இரண்டு பக்கமும் 2.6 சதுர அடி, அவ்வளவுதான்.

ஏன் இப்படிப் பெருகுகிறது என்பதைச் சாக்பீஸால் தரையிலேயே வரைந்து பார்த்தேன். நீளத்தில் 1 அங்குலம் தப்பினால், மாடியின் அகலம் முழுக்க, ஏறக்குறைய 25 அடிக்கு, 1 அங்குலப் பட்டை ஒன்று கூடும் அல்லது குறையும். அது 2.1 சதுர அடி. இரண்டு அகலமும் 1 அங்குலம் தப்பினால் அந்தப் பட்டை 38 அடி நீளத்துக்கு ஓடும், 3.2 சதுர அடி. அதாவது குட்டைப் பக்கத்தில் விடுகிற தப்பு நெட்டைப் பக்கத்தால் பெருகுகிறது. நாம் வழக்கமாகச் செய்வது நேர்மாறு, நீளத்தை இரண்டு பேர் பிடித்து ஒழுங்காக அளப்போம், அகலத்தைக் குத்துமதிப்பாக எழுதிவிடுவோம்.

ஹெட்ரூம் 7 அடி 8 அங்குலத்துக்கு 10 அடி 3 அங்குலம், 78.6 சதுர அடி. இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். "குறைஞ்சிடக்கூடாது, ஏத்தியே வச்சுக்குவோம்" என்று எல்லாவற்றையும் மேலே ஏற்றுகிற பழக்கம் கழிக்கிற இடத்தில் காலை வாரிவிடும். 8-க்கு 11 என்று ஏற்றினால் 88 கழிந்துவிடும், 9 சதுர அடிக்கு டைல்ஸ் குறைவாக வாங்குவோம். கூட்டுகிற இடத்தில் ஏற்றினால் மிச்சம் வரும், கழிக்கிற இடத்தில் ஏற்றினால் துண்டு விழும். எண்களை நடுவில் எங்கேயும் முழுசாக்காமல், கடைசியில் ஒரே ஒருமுறை ஏற்றிக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

அரைவட்டத்துக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முதலில் ஆரம் அளக்கலாம் என்று மையத்தைத் தேடினேன், கைப்பிடிச் சுவரில் மையம் எங்கே என்று யார் குறித்து வைத்திருக்கிறார்கள்? நூலை நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில் ஒவ்வொரு தரமும் வேறு வேறு இடம் வந்தது. அதை விட்டுவிட்டு, வட்டம் தொடங்குகிற இரண்டு மூலைக்கும் நடுவே நேராக அளந்தேன், 11 அடி 9 அங்குலம். விட்டத்தில் அரை அங்குலம் தப்பினால் ஆரத்தில் கால் அங்குலம்தான் தப்பும், எனவே வட்டம் எதுவாக இருந்தாலும் விட்டத்தை அளந்து பாதியாக்குவது நல்லது. பாதி 5 அடி 10½ அங்குலம். நடுவிலிருந்து வெளிச்சுவர் வரை உள்ள ஆழமும் ஏறக்குறைய அதே அளவு வந்ததால் அது உண்மையான அரைவட்டம்தான் என்று நம்பிக்கை வந்தது. பரப்பு 54.2 சதுர அடி.

பையின் மதிப்பு 3.14-ஆ 22/7-ஆ என்று தம்பி மகன் கேட்டான். இரண்டையும் போட்டுப் பார்த்தோம், 54.19, 54.24. ஒரு டைல்ஸில் இருபதில் ஒரு பங்குதான் வித்தியாசம். அதே ஆரத்தை 6 அடி என்று முழுசாக்கினால் 56½ ஆகிவிடுகிறது. ஆரத்தில் அரை அங்குலம் தப்பினாலே முக்கால் சதுர அடி போகும். ஆக, பையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம், டேப்பை ஒழுங்காகப் பிடித்தால் போதும். பை 3 என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், அது 51.8-இல் கொண்டுபோய் விடும்.

இதில் எல்லோரும் மாட்டுகிற ஓர் இடம் உண்டு, புள்ளி. 23 அடி 4 அங்குலத்தைக் குறிப்பேட்டில் 23.4 என்றுதான் எல்லாரும் எழுதுகிறோம், கொத்தனார், ஆசாரி, நான் உட்பட. எழுதுவதில் தப்பில்லை, அதை அப்படியே செல்போன் கால்குலேட்டரில் அடிக்கும்போதுதான் வினை. 4 அங்குலம் 0.33 அடி, 0.4 இல்லை. இந்த மாடியின் எண்களை அப்படியே அடித்துப் பார்த்தேன், சரிவகம் 964.4, ஹெட்ரூம் 80.3. இதுவரை பெரிய சேதமில்லை. ஆனால் ஆரம் 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று அடித்தால், கால்குலேட்டருக்கு அது 5.1, அதாவது 5 அடி 1 அங்குலத்துக்குச் சற்று மேலே. அரைவட்டம் 54-க்குப் பதிலாக 40.9 என்று வருகிறது, 13 சதுர அடி காணாமல் போய்விட்டது. சரிவகத்தில் ஹெட்ரூமைக் கழித்து அரைவட்டத்தைக் கூட்டினால் 925, சரியான அளவுகளை அதேபோல் போட்டால் வருகிற உண்மை விடையான 934½-க்குப் பக்கத்திலேயே இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. தப்புகள் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டு நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். 10, 11 அங்குலம் வருகிற எந்த அளவையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

நிலத்திலும் இதே கதைதான். மேலூரில் பெரியப்பா தன் வயலின் பழைய புலப்படத்தை எடுத்துக் காட்டினார், அளவெல்லாம் லிங்கில் இருந்தது. 100 லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. அப்படிப் பார்த்தால் ஒரு லிங்க் 7.92 அங்குலம், 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட், 435.6 சதுர அடி. பெரியப்பா "லிங்க்னா எட்டு அங்குலம்" என்றே கணக்குப் போட்டு வந்திருக்கிறார். நீளத்தில் நூற்றுக்கு ஒன்றுதான் கூடுகிறது, ஆனால் இரண்டு பக்கமும் கூடுவதால் பரப்பில் நூற்றுக்கு இரண்டு. ஏக்கருக்கு 2 சென்ட் கூடுதலாக வந்து நிற்கிறது. இருக்கிற நிலத்தைவிட 2 சென்ட் கூட என்று நம்பிக்கொண்டு பக்கத்து வரப்புக்காரரோடு எத்தனை பேர் முறைத்துக்கொண்டிருக்கிறார்களோ.

மாடிக்கு வருவோம். மொத்தம் 934½ சதுர அடி. கொத்தனார் அண்ணன் சொன்ன 27-க்கு 39-உடன் இதை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். கோணலைக் கணக்கில் எடுக்காமல் முன் அகலத்தையே முழு நீளத்துக்கும் வைத்ததில் 62 சதுர அடி கூடியிருக்கிறது, முழு அடியாக ஏற்றியதில் 32, ஹெட்ரூமும் வட்டமும் சரிக்குச் சரி என்றதில் 24. வடிவத்தை எளிமையாக்கியதில்தான் பெரிய தொகை, அளவை முழுசாக்கியது அடுத்த இடம்.

அடுத்தது டைல்ஸ் கணக்கு, இதில்தான் எனக்கு அதிக ஆச்சரியம். "12-க்கு 12, ஒரு டைல்ஸ் ஒரு சதுர அடி" என்று கடையில் சொன்னார்கள். அட்டைப்பெட்டியில் 300 x 300 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருந்தது. ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர். ஒரு பக்கத்துக்கு 4.8 மில்லிதானே என்று தோன்றும், ஆனால் அந்த டைல்ஸின் பரப்பு 0.97 சதுர அடிதான். இடைவெளியே விடாமல் பதித்தால் 934½ சதுர அடிக்கு 965 டைல்ஸ் வேண்டும். கொத்தனார் டைல்ஸுக்கு நடுவே இடைவெளிக்காக 3 மில்லி ஸ்பேசர் வைப்பதாகச் சொன்னார், அப்போது டைல்ஸும் இடைவெளியும் சேர்ந்து 303 மில்லி, எண்ணிக்கை 946. 5 மில்லி இடைவெளி விட்டிருந்தால் 305 ஆகி, கடைக்காரர் சொன்னது ஏறக்குறைய அப்படியே பலித்திருக்கும். இடைவெளியை முடிவு செய்யாமல் டைல்ஸ் எண்ணிக்கையைச் சொல்லவே முடியாது.

சாய்வான பக்கத்தில் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு டைல்ஸ் வெட்டணும், வட்டத்தின் ஓரம் முழுக்க வெட்டணும், கடைசி வரிசையும் முழு டைல்ஸாக அமையாது. சேதாரத்துக்கு நூற்றுக்கு 7 வைத்து 1,012, பெட்டிக்கு 10 என்பதால் 102 பெட்டி. ஒரு டைல்ஸ் 46 ரூபாய், மொத்தம் 46,920 ரூபாய், வண்டிக்கூலி தனி. கடைக்கணக்குப்படி 935-க்கு 5 சதவீதம் கூட்டி 982 வாங்கியிருந்தால் 24 டைல்ஸ் துண்டு விழுந்திருக்கும். கடைசியில் பயன்பட்டது 1,006.

பதிக்கத் தொடங்கியபோது முழுசாக்கலின் விளைவைக் கண்ணாலேயே பார்த்தோம். கொத்தனாரின் ஆள் கைப்பிடிச் சுவரில் அடிக்கு ஒரு கோடு என்று சாக்பீஸால் குறித்து வைத்திருந்தார், வரிசைக்கு ஒரு கோடு என்ற நினைப்பில். முதல் மூன்று நான்கு வரிசையில் ஒன்றும் தெரியவில்லை. பத்தாவது டைல்ஸ் முடிந்த இடத்துக்கும் பத்தாவது கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம், அளந்தால் 18 மில்லி. 38-ஆவது வரிசையில் அது 68 மில்லி, இரண்டே முக்கால் அங்குலம் ஆகியிருக்கும். கோட்டுக்கு இழுத்துக்கொண்டே போயிருந்தால் இடைவெளி ஓரிடத்தில் 3 மில்லியும் ஓரிடத்தில் 6 மில்லியுமாக இளித்திருக்கும். அந்தக் கோடுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஐந்து வரிசைக்கு 1,515 மில்லி என்று புதிதாகக் குறித்து நூல் கட்டினோம். அதற்கப்புறம் ஒரு வரிசைகூடப் பிசகவில்லை.

கலவையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பரப்பு இல்லையென்றாலும் இதே நோய்தான். "ஒரு இஞ்ச் மசாலா" என்று பேச்சு. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து வாட்டம் பார்த்ததில் பள்ளமான இடங்களில் 2 அங்குலம், சராசரி 1½. அரை அங்குலம் கூடுதல், அவ்வளவுதானே? 1 அங்குலத்துக்கு 78 கன அடி, 1½-க்கு 117. ஒன்றுக்கு நான்கு கலவையில் சிமென்ட் 17 மூட்டை போதும் என்றிருந்தது 25 ஆகிவிட்டது, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) ஒரு யூனிட்டில், அதாவது 100 கன அடியில், முடியவில்லை. 38 அடியில் அரை அங்குலம் தப்பினால் தெரியாது, 1 அங்குலத்தில் அரை அங்குலம் தப்பினால் பாதிக்குப் பாதி. எந்த அளவு ரொம்பச் சின்னதோ அதை முழுசாக்கவே கூடாது.

கூலி சதுர அடிக்கு 38 ரூபாய். கொத்தனார் அண்ணனை மாடிக்குக் கூப்பிட்டு, டேப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து எல்லா அளவையும் மறுபடி எடுத்தோம். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது: "பரப்பு குறையுது சரி தம்பி, கோணல்லயும் வட்டத்துலயும் வெட்டுற வேலைக்கு யாரு கூலி தர்றது? அதுக்காகத்தானே நாங்க ஏத்திச் சொல்றது." அதனால் பரப்பை 934 என்றும், வெட்டு வேலையைத் தனியாக ரன்னிங் அடிக்கு, அதாவது வெட்டுகிற ஓரத்தின் நீளத்தில் ஓர் அடிக்கு, 15 ரூபாய் என்றும் பேசிக்கொண்டோம். சாய்வுப் பக்கமும் வட்டமும் சேர்ந்து 57 அடி, 855 ரூபாய். மொத்தக் கூலி 36,347. 1,050 சதுர அடிக்கு 39,900 ஆகியிருக்கும். எதற்கு எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரிந்த கணக்கு, அதுதான் எனக்குத் திருப்தி.

அடுத்த முறை அடி, அங்குலத்தில் எழுதவே போவதில்லை, நேராக சென்டிமீட்டர்தான். 711, 810, 1171. புள்ளிப் பிரச்சினையே கிடையாது, டைல்ஸும் மில்லிமீட்டரில்தான் வருகிறது, வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். சதுர அடி கூலி பேசுவதற்கு மட்டும் கடைசியில் 10.764-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். அப்படிப் போட்டுப் பார்த்தால் சரிவகம் 89.05 சதுர மீட்டர், 958½ சதுர அடி, முதலில் வந்த விடைக்கு மிக அருகில். கலவைக் கனத்தையும் வேலைக்கு முன்னாலேயே ஒன்பது பத்து இடத்தில் பார்த்துவிட வேண்டும், பாதியில் மூட்டை வாங்க ஆள் அனுப்பியது தவிர்த்திருக்கக்கூடிய செலவு.

இனிக் கீழே ஹாலுக்கு 2-க்கு 2 டைல்ஸ் போட வேண்டியிருக்கிறது, 240 சதுர அடி. நாலு டைல்ஸ் உள்ள பெட்டி 16 சதுர அடி என்றுதான் கடையில் சொல்கிறார்கள், 600 மில்லி டைல்ஸ் நாலு சேர்ந்தால் 1.44 சதுர மீட்டர், 15½ சதுர அடி. உள்ளே 2 மில்லிக்கு மேல் இடைவெளி விட்டால் நன்றாக இருக்காது, அதைச் சேர்த்தாலும் 15.6-தான். 15 பெட்டி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், சேதாரம் கூட்டுவதற்கு முன்னாலேயே 16 வேண்டும், சேதாரத்தோடு 17 எழுதி வைத்திருக்கிறேன்.